ஜன்னல் இல்லாத சுவருக்கு ஒரு திரை

என் வீட்டுக்காரர் கோல்டு ஸ்டோர் கட்டுகிறவர். மீன், இறைச்சி, பேரீச்சம்பழம் எல்லாம் கெடாமல் அடுக்கி வைக்கிறார்களே, அந்தக் குளிர்கிடங்கு. இரண்டு பக்கமும் வெள்ளைத் தகரம், நடுவில் மஞ்சள் ஃபோம், இப்படிக் கனமாக ஒரு பலகை வரும். அதை இங்கே பேனல் என்பார்கள். பேனல்களை நிறுத்தி, ஒன்றோடொன்று பூட்டி, இடுக்கெல்லாம் சிலிக்கான் அடைத்து, எறும்பு மூச்சுவிட இடமில்லாத பெட்டியாக்கிவிடுவார். என் அண்ணனுக்கும் அதே வேலைதான். அவன்தான் இவரை இந்த நாட்டுக்குக் கூட்டிவந்தவன். இந்த இரண்டு பேர் கையில் நான் குடியிருக்கப்போகும் இடத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

முதலில் ஷார்ஜாவில் இருந்தோம். ஒரு வில்லாவைப் பிளைவுட் வைத்துத் துண்டுதுண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதில் ஒரு துண்டு எங்களுடையது. பக்கத்துத் தடுப்பில் சிகரெட், எதிர்த் தடுப்பில் கருவாடு. அத்தனை புகையும் என் மகளின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. நாலு வயசுக் குழந்தை. இழுப்பு வந்தால் விலா எலும்பை எண்ணிவிடலாம், கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வரும். மருந்தைப் புகையாக்கி மூக்கில் விடும் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். இடத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் குழந்தையை ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளை அனுப்பினால் நானும் போகவேண்டும். கல்யாணமான புதிதில் வருஷக்கணக்காக போனிலேயே குடும்பம் நடத்தியவள் நான். மறுபடியும் அந்தப் பிழைப்பா? என்னால் முடியாது என்று இவரிடம் முகத்துக்கு நேரே சொன்னேன்.

அப்போதுதான் அஜ்மானில் அந்தக் கராஜ் கிடைத்தது. ஒரு பழைய வீட்டின் பின்புறம், வீட்டோடு ஒட்டாமல் தனியாக நின்றது. வீட்டுச் சொந்தக்காரர் வயதான அரபி. இவர் அவருடைய மீன் கிடங்கை ஒருமுறை பழுதுபார்த்துக் கொடுத்த பழக்கம். முதலாளியை இங்கே அர்பாப் என்பார்கள். நாங்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். சரிபண்ணி இருந்துகொள்ளுங்கள் என்று சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

சரிபண்ணுவதாவது. பூசாத செங்கட்டிச் சுவர், கடல் உப்பு ஏறி, விரலால் சுரண்டினால் மாவாகக் கொட்டியது. மேலே தகரக் கூரை. மத்தியானம் அதன் அடியில் நின்றால் உச்சந்தலை வெந்துவிடும். அதே கூரையில் மார்கழி விடியலில் பனி இறங்கி, உள்ளே மழைபோலச் சொட்டும். தரை முழுக்க எஞ்சின் ஆயில். முற்றம் முழுவதும் கராஜ் பக்கமாகத்தான் சாய்ந்திருந்தது. அதை அன்றைக்கு யார் பார்த்தார்கள்.

லீவு நாள் வந்தால் மூன்று பேரும் அங்கேதான். துருப்பிடித்த ஷட்டர் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் பாதியில் சிக்கி நின்றது. அண்ணன் கிரைண்டரைப் பிடித்து அறுத்தான். தீப்பொறி தெறித்து அவன் சட்டையெல்லாம் ஓட்டை. கடைசித் துண்டு அறுபட்டதும் மொத்த ஷட்டரும் ஒரேயடியாக விழுந்தது. ஒரு நொடி பிந்தியிருந்தால் இவர் கால் போயிருக்கும். விழுந்த ஷட்டரை இவர் ஆத்திரத்தில் நாலு மிதி மிதித்தார். உள்ளே ஒரு திட்டு கட்டியிருந்தார்கள். அதை இடிக்க நான் சம்மட்டியை வாங்கினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஷார்ஜா தடுப்பில் வாயை மூடிக்கொண்டு அடக்கிய கோபமெல்லாம் அந்தத் திட்டின்மேல் இறங்கியது. அண்ணன் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "மாப்ள, நீ ராத்திரி சண்ட கிண்ட போட்றாத" என்றான். இவர் சிரித்தார். அதுதான் அந்த வேலையில் நாங்கள் சேர்ந்து சிரித்த கடைசி நாள்.

ஏதோ ஒரு கோல்டு ஸ்டோரைப் பிரித்தபோது கழித்துப் போட்ட பேனல்களை இவர் லாரியில் கொண்டுவந்து இறக்கினார். கூடவே அந்தக் கிடங்கின் கதவும் வந்தது. ஆள் உயரம், ஒரு சாண் தடிமன், சுற்றிலும் ரப்பர், வெளிப்பக்கமாகத் திறப்பது. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் தள்ளித் திறக்க ஒரு இரும்புத் தடியும் உண்டு. எத்தனை பவுடர் போட்டுக் கழுவினாலும் மீன் வாடை போகவில்லை. சுவர் மூன்று பக்கமும் பேனல் ஏறியது, தகரத்துக்கு அடியில் மேலேயும் ஏறியது. மிச்சமிருந்தது பின்சுவர்தான்.

பின்சுவரில் என் கழுத்து உயரத்தில் ஒரு பழைய திறப்பு இருந்தது. முன்காலத்தில் ஏதோ மின்விசிறி வைத்திருப்பார்கள்போல. அதன் வழியாக ஒரு வேப்பமரமும் அர்பாப் வீட்டு மாடியும் தெரிந்தன. அதைத்தான் நான் முதல் நாளிலிருந்து ஜன்னலாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு இவர் அந்தத் திறப்பின்மேல் வெளிப்பக்கமாக ஒரு பிளைவுட்டை வைத்து அடித்துவிட்டு, பேனலைத் தூக்கச் சொன்னார். அண்ணன் தூக்கவில்லை.

"மாப்ள, இந்த ஓட்டைய விட்ருவோம். சின்னதா ஒரு ஸ்லைடிங் ஜன்னலு போட்டுக் குடுப்போம். தங்கச்சி கேக்குதுல்ல."

"ஒரு ஓட்டைய விட்டா மொத்த வேலையும் போச்சு மச்சான். ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

"ஏங்க, உள்ள இருக்கப்போறது நானும் புள்ளையும்," என்றேன். "மீன் இல்ல."

"புள்ளைக்காகத்தான்டி சொல்றேன். இந்த ஊரு தூசிக்கு ஒனக்கு ஜன்னலு கேக்குதா? தூசி போனா இழுப்பு வருமா வராதா, நீயே சொல்லு."

"மூச்சுவிடக் காத்து வேணாமா?"

"ஏசி இருக்குல்ல."

"அது உள்ள இருக்குற காத்தத்தான சுத்திச் சுத்தி விடும்," என்றான் அண்ணன். "நாளைக்குக் கரண்டு போச்சுன்னா என்ன பண்ணுவ?"

"இந்த ஊர்ல கரண்டு எங்க போவும்? பேசாம தூக்குங்க மச்சான்."

அண்ணன் பேனலின் மேல் காலைத் தூக்கி வைத்தான். இவர் அந்தக் காலைத் தள்ளிவிட்டார். அண்ணன் நிலைதடுமாறி இரும்புச் சட்டத்தில் போய் மோதினான். எழுந்தவன் இவர் மூக்கில் ஓங்கி ஒரு குத்து விட்டான். வெள்ளைத் தகரத்தில் ரத்தம் தெறித்தது. இவர் கையில் சிலிக்கான் அடிக்கும் துப்பாக்கி இருந்தது. அதாலேயே அண்ணன் முகத்தில் வீசினார். இருவரும் கட்டிப் புரண்டார்கள். மாமன் மச்சான் என்று ஒரே தட்டில் சாப்பிட்ட ஆட்கள், கெட்ட வார்த்தையில் ஒருவர் தாயை ஒருவர் இழுத்தார்கள். வாசலில் நின்ற குழந்தை வீறிட்டு அழுதது. அழுகை இருமலாயிற்று, இருமல் இழுப்பாயிற்று. நான் சம்மட்டியை எடுத்து அவர்கள் தலைமாட்டில் இருந்த பெயின்ட் டப்பாவின்மேல் இறக்கினேன். டப்பா நசுங்கி, இரண்டு பேர் முகத்திலும் வெள்ளையடித்தது.

இவர் எழுந்து என்னை அடிக்கக் கை ஓங்கினார். சம்மட்டி இன்னும் என் கையில்தான் இருந்தது. "அடிங்க பாப்போம்," என்றேன். ஓங்கிய கை அப்படியே இறங்கியது. அதற்கப்புறம் அந்தச் சம்மட்டியை நான் அவரிடம் திருப்பிக் கொடுக்கவேயில்லை. குடிவந்த பிறகும் என் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மறுநாள் திரும்பி வந்து பார்க்கிறேன், பின்சுவர் முடிந்திருந்தது. வெள்ளை வெளேரென்று, இடுக்கில் வழித்த சிலிக்கான் இன்னும் காயாமல். தனி ஆளாகவே தூக்கி நிறுத்தியிருக்கிறார். மூக்கு வீங்கிப்போய், "எப்புடி?" என்று கேட்டார். குழந்தை கையில் ஊசி போட்ட பிளாஸ்திரி. அந்த நேரத்தில் இந்த மனுஷனைக் கொன்றால் என்ன என்று தோன்றியது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே தோன்றியது. அண்ணன் கம்பெனி ஆட்கள் தங்கும் தன் கேம்ப்புக்குப் போனவன்தான், அப்புறம் வெகுநாள் எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

குடிபோன அன்று நான் ஒரு வேலை செய்தேன். கடைக்குப் போய்ப் பச்சைப் பூப்போட்ட திரைத்துணி வாங்கி, கம்பி வாங்கி, அந்தத் திறப்பு எந்த இடத்தில் இருந்ததோ சரியாக அந்த இடத்தில், வெறும் தகரத்தின்மேல் திரை போட்டேன். வருகிறவர்கள் ஜன்னல் என்று நினைத்து இழுத்துப் பார்ப்பார்கள். உள்ளே வெள்ளைத் தகரம் இருக்கும். அவர்கள் முழிக்கும்போது இவர் தலையைக் குனிந்துகொள்வார். ஒவ்வொரு தடவையும் எனக்குக் கொஞ்சம் மனம் ஆறும்.

பொய் சொல்லக் கூடாது. முதல் கோடையில் அந்த அறை சொர்க்கமாகத்தான் இருந்தது. வெளியே வெயில் ஆளைப் பிடித்து அறைந்தது. உள்ளே ஏசியைக் கொஞ்சம் போட்டாலே போதும். மணற்காற்று வந்து முற்றத்து வேப்பமரத்துக் கிளையை முறித்துப் போட்ட அன்றுகூட எங்கள் தரையில் ஒரு துகள் இல்லை. குழந்தைக்கு இழுப்பே வரவில்லை. மிஷினைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தேன். "ஜன்னலு வச்சிருந்தா?" என்று இவர் கேட்டார். நான் அவர் தட்டில் சோற்றை அள்ளிப் போட்ட வேகத்தில் குழம்பு அவர் சட்டையில் தெறித்தது.

குளிர் வந்தது, கதை மாறியது. நாங்கள் விட்ட மூச்சும் நான் வடித்த கஞ்சியின் ஆவியும் போக வழியில்லாமல் தகரத்தில் வேர்த்து வழிந்தன. அலமாரிக்குப் பின்னால் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை கிளம்பியது. இவர் பிளீச் போட்டுத் துடைப்பார், அது மறுபடி வரும். குழந்தை இரும ஆரம்பித்தாள். நான் எழுந்தேன். போய்த் திரையைச் சர்ரென்று ஒரு பக்கம் இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இவர் சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்து போனார்.

குளிர் போய் வெயில் எட்டிப் பார்க்கிற சமயத்தில்தான் அந்த மழை வந்தது. காலையில் இவர் டூட்டிக்குக் கிளம்பும்போது தூறல். இந்த ஊரில் மழை என்றால் எல்லாரும் வெளியே நின்று வீடியோ எடுப்பார்கள், அவ்வளவுதான். நான் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தேன், குழந்தைக்குத் தலை பின்னினேன். அந்தச் சுவருக்குள் ஒரு சத்தமும் கேட்காது. வெளியே ஊரே மிதக்கிறது, நான் உள்ளே கத்திரிக்காய் வதக்கிக்கொண்டிருக்கிறேன்.

கரண்டு போனது. ஏசி நின்றது. பட்டப்பகலில் அப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததில்லை. அப்போதுதான் கதவின் அடிப்பக்கம் ஏதோ வந்து தொம் தொம்மென்று முட்டுகிற சத்தம் கேட்டது. செல்போன் வெளிச்சத்தில் போய் அந்த இரும்புத் தடியைத் தள்ளினேன். தாழ் விடுபட்டது, கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்து முட்டினேன். ஒரு விரல் அகலம் விலகியது. அந்த இடுக்கில் தண்ணீர் கத்திபோலப் பாய்ந்து என் இடுப்பில் அடித்தது, அவ்வளவுதான், கதவு மறுபடி அடைத்துக்கொண்டது. முற்றத்துத் தண்ணீர் முழுவதும் சாய்வில் இறங்கி எங்கள் கதவில் வந்து சாய்ந்து நிற்கிறது. கதவு திறப்பதோ வெளிப்பக்கம்.

இவருக்குப் போன் போட்டேன். எத்தனையோ தடவைக்குப் பிறகு கிடைத்தது.

"தண்ணி உள்ள வருதா?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"உள்ள வரல. கதவு தொறக்கல."

"அப்ப பயப்படாத. நான் அடிச்ச சிலிக்கானு, ஒரு சொட்டு வராது," என்றார். அந்தக் குரலில் பெருமை இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. அப்புறம் கிடைக்கவேயில்லை.

குழந்தைக்கு முதலில் வியர்த்தது. பிறகு அந்தச் சத்தம் தொடங்கியது, உள்ளே எங்கோ விசில் அடிப்பதுபோல. மிஷின் இருக்கிறது, கரண்டு இல்லை. வாயில் வைத்து அடிக்கும் பம்பு இருந்தது. இரண்டு தடவை மருந்து வந்தது, அப்புறம் வெறும் காற்று. அவள் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, காத்து தா," என்றாள். பின்னால் அண்ணன் கணக்குப் போட்டுச் சொன்னான், அந்த அறைக் காற்று இரண்டு பேருக்கு ஒரு நாளுக்குமேல் தாங்கியிருக்கும் என்று. இருக்கட்டும். அதை அந்த இருட்டில் நின்று, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஈரத் துண்டை அவள் மூக்கில் கட்டி மேஜைமேல் உட்கார வைத்தேன். குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து சம்மட்டியை இழுத்தேன். திரையைப் பிடித்து ஒதுக்கினேன்.

முதல் அடி தகரத்தில் குழி போட்டுவிட்டுத் திரும்பி வந்து என் தோளையே பிடுங்கியது. இரண்டாவதும் அப்படியே. அவர் வேலை அப்படி, பாராட்டத்தான் வேண்டும், நாசமாய்ப் போக. தேங்காய் உடைக்கும் வெட்டுக்கத்தியை எடுத்து, நுனியைத் தகரத்தில் வைத்து, சம்மட்டியால் அதன் தலையில் அடித்தேன். கத்தி உள்ளே இறங்கியது. பிடுங்கி, பக்கத்தில் வைத்து, மறுபடி அடி. நான் அடித்தது தகரத்தைத்தானா என்று எனக்குத் தெரியாது. ஷார்ஜா தடுப்பை அடித்தேன், போனில் போன வருஷங்களை அடித்தேன், சிலிக்கான் பெருமையை அடித்தேன். அவரையும் அடித்தேன், பேர் சொல்லிக் கூப்பிட்டு அடித்தேன். அதுவரை அவரை நான் பேர் சொன்னதில்லை. வெட்டிய ஓரத்தில் விரலைக் கொடுத்துத் தகரத்தை உரித்தேன். கை கிழிந்து ரத்தம் முழங்கைவரை வழிந்தது. ஃபோமைக் கையாலேயே தோண்டி எறிந்தேன். அந்தப் பக்கத்துத் தகரத்தையும் அதே மாதிரி குத்தி உரித்தேன். கடைசியில் அவர் அடித்த பிளைவுட் வந்தது. சம்மட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இடி. பிளைவுட் பிய்ந்து வெளியே தண்ணீரில் போய் விழுந்தது.

மழையும் காற்றும் ஒரே அறையாக என் முகத்தில் அறைந்தன. குழந்தையைத் தூக்கி அவள் முகத்தை அந்த ஓட்டையில் வைத்தேன். அவள் வாயைத் திறந்து குடித்தாள். ஆமாம், காற்றைக் குடித்தாள். நான் வெளியே பார்த்துக் கத்தினேன், எந்த பாஷையில் என்று நினைவில்லை.

அர்பாப் வந்தார். வெள்ளை அங்கியை இடுப்பில் சுருட்டிக் கட்டி, நெஞ்சளவு தண்ணீரில், அந்த வயதில், சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். ஓட்டையைப் பார்த்தார், என் ரத்தத்தைப் பார்த்தார். "பச்சா ஜீப்," என்று கையை நீட்டினார். பிள்ளையைக் கொடு என்கிறார். தகர முனை கிழிக்காமலிருக்கத் திரைத்துணியின் ஒரு பக்கத்தை விளிம்பில் மடித்துப் போட்டு, அதன்மேல் வழுக்கவிட்டு அவளைக் கொடுத்தேன். தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டு மாடியிலிருந்து குரல் வந்தது: "ஜேன், ஜேன்." நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். அவர் பக்கத்தில் என் மகளின் கை ஆடியது.

அந்த ஓட்டையில் குழந்தை போகலாம், நான் போக முடியாது. மேலும் வெட்ட எனக்குக் கையில் பலம் இல்லை. சம்மட்டியை மடியில் வைத்துக்கொண்டு மேஜைமேல் உட்கார்ந்துவிட்டேன். கதவடியிலும் ஓட்டைக்கு அடியிலும் சிந்தியது போக, தரை அப்போதும் காய்ந்துதான் இருந்தது.

சாயங்காலம் இவர் வந்தார். ஷார்ஜாவிலிருந்து தண்ணீரில் நடந்தே வந்திருக்கிறார். முதலில் கதவுப் பக்கம் போனார். பிடியைத் தொங்கித் தொங்கி இழுத்தார். சுவரில் காலை உதைத்து இழுத்தார். கதவு அசையவில்லை. அவர் மாட்டிய கதவு, அவர் ஒட்டிய ரப்பர். பிறகு கையால் குத்த ஆரம்பித்தார். உள்ளே தொம் தொம்மென்று கேட்டது. "நல்லா குத்துங்க," என்றேன். அவருக்குக் கேட்டிருக்காது. கதவைச் செய்த விதம் அப்படி.

குத்து நின்றது. சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார். ஓட்டையில் அவர் முகம் தெரிந்தது. முஷ்டியெல்லாம் தோல் உரிந்து ரத்தம்.

"புள்ள எங்க?"

"மாடில இருக்கா. மூச்சு விடுறா."

அவர் கிழிந்த தகரத்தைப் பார்த்தார், பிய்த்தெறிந்த ஃபோமைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். உதடு கோணியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவர் எதைச் சொன்னாலும் நான் சம்மட்டியை வீசிவிடுவேன் என்று எனக்குத் தெரிந்தது. அதனால் எழுந்து, ஈரமான அந்தத் திரையைப் பிடித்து, அவர் முகத்தின்மேல் சர்ரென்று இழுத்து மூடினேன்.

துணிக்கு அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது. அவர் கட்டிய சுவர் வழியாக அவர் அழுகை எனக்குக் கேட்டது அதுதான் முதல்முறை. தண்ணீர் வடியக் காத்துக்கொண்டு அவர் அங்கேயே நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரைக்கு அடியில் அவர் கை உள்ளே வந்தது. தகர விளிம்பு மணிக்கட்டைக் கீறியும் அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். அப்புறம் பிடித்துக்கொண்டேன்.